மொட்டைமாடி மின்சாரம்: எந்த வீட்டுக்கு லாபம்?

வீட்டுக்கு சோலார் போடலாமா என்று கேட்டால் இன்று தெருவுக்கு ஒரு பதில் கிடைக்கிறது. போட்ட பிறகு பில்லே வருவதில்லை என்கிறார் ஒருவர். போட்ட பணம் முடங்கிக் கிடக்கிறது என்கிறார் அடுத்த வீட்டுக்காரர். இருவர் சொல்வதும் உண்மையாக இருக்க முடியும். ஒரே தெரு, ஒரே வெயில், ஒரே பேனல் என்றாலும் இரண்டு வீடுகளின் மின் செலவு வேறு. தமிழ்நாட்டின் மின்கட்டண முறை அந்த வேறுபாட்டைப் பல மடங்காக்கிவிடுகிறது. ஆகவே இந்தக் கேள்வியைச் சூரியனிடமிருந்து தொடங்குவதைவிட, வீட்டு ஈ.பி. அட்டையிலிருந்து தொடங்குவதே சரி.

கடந்த ஆறு ரீடிங்குகளை எடுத்து வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படித்தால் முடிவு தானாகவே துலங்கும்.

கட்டணப் படிகள்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கணக்கு எடுக்கப்படுகிறது. 2016 முதல் எல்லா வீடுகளுக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணத்தில் அரசு மானியம் போக நுகர்வோர் கட்டுவது இது: மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, அதற்கு மேல் 6.30. பயன்பாடு 500-ஐத் தாண்டினால் 2.35 என்ற சலுகை விலை மறைந்து, 101-ஆவது யூனிட்டிலிருந்தே 4.70 ஆகிவிடும். 501 முதல் 600 வரை 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, ஆயிரத்துக்கு மேல் 11.55.

இதை பில்லாக மாற்றிப் பார்ப்போம். 300 யூனிட் செலவழிக்கும் வீடு கட்டுவது 705 ரூபாய். 400 யூனிட்டுக்கு 1,175. 500-க்கு 1,805. 600-க்கு 2,880. 800-க்கு 4,770. ஆயிரம் யூனிட்டுக்கு 6,870. 400-லிருந்து 800 ஆகும்போது பயன்பாடு இரண்டு மடங்குதான். பில் நான்கு மடங்கைத் தாண்டுகிறது.

சோலார் முதலீட்டின் லாபம் முழுவதும் இந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. பேனல் தரும் ஒவ்வொரு யூனிட்டும் பில்லின் உச்சியிலிருந்து ஒரு யூனிட்டைக் கழிக்கிறது. ஆயிரம் யூனிட் வீட்டில் அது கழிக்கும் முதல் யூனிட்டின் மதிப்பு 10.50 ரூபாய். 200 யூனிட் வீட்டில் அதே யூனிட்டின் மதிப்பு 2.35 ரூபாய். நூறு யூனிட்டுக்குள் வாழும் வீட்டில் அதன் மதிப்பு ஒன்றுமில்லை.

நாட்டிலேயே வீட்டுக்கூரை சோலாரில் குஜராத் முன்னணியில் நிற்க, 2012-லேயே சூரியசக்திக் கொள்கை கண்ட தமிழ்நாடு பின்தங்கியிருப்பதற்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். இங்கே குறைவாகச் செலவழிக்கும் குடும்பங்களுக்கு மின்சாரம் மலிவு. அவர்களுக்குச் சோலார் போட அவசரமில்லை. போடாதது அறியாமையும் இல்லை.

வெயில் எவ்வளவு தரும்?

தமிழ்நாட்டில் நிழல் விழாத மாடியில் 1 கிலோவாட் பேனல் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட் என்று கொள்ளலாம். மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் இதைவிடக் கூடும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் குறையும். ஏசி ஓடும் மாதங்களும் வெயில் கொளுத்தும் மாதங்களும் ஒன்றாக இருப்பது நமக்குச் சாதகம்.

வெயில் கூடினால் மின்சாரமும் கூடிக்கொண்டே போகும் என்பது பலருடைய எண்ணம். சிலிக்கான் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம். வெப்பம் அதற்குப் பகை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறையும். அக்னி நட்சத்திர வெயிலில் பேனலின் உள்வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் திறன் போய்விடும். பேனலுக்கு அடியில் காற்றோட்டம் வேண்டும் என்று சொல்வது இதனால்தான். நாளுக்கு 5, 6 யூனிட் என்று விற்பனையாளர் சொல்வது சில மாதங்களுக்குச் சரி. ஆண்டுக் கணக்குக்கு 4 யூனிட் என்பதே பாதுகாப்பான எண்.

செலவும் மானியமும்

2024 பிப்ரவரியில் தொடங்கிய மத்திய அரசின் ‘பிஎம் சூர்ய கர்’ திட்டம் ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு, கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் 78,000 ரூபாயோடு நின்றுவிடும். பணிகள் முடிந்து மீட்டர் பொருத்தப்பட்ட பிறகே மானியம் நேரடியாக வங்கிக் கணக்குக்கு வரும். ஆகவே முதலில் முழுத்தொகைக்கும் ஏற்பாடு வேண்டும். திட்டத்தின் கீழ் அடமானம் இல்லாத குறைந்த வட்டிக் கடனும் வங்கிகளில் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் சூரியசக்திச் சாதனங்கள் மீதான ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்ததும் வாங்குபவருக்கு நல்லது.

விலை ஊருக்கு ஊர், தரத்துக்குத் தரம் மாறும். கணக்குக்காக 1 கிலோவாட் 75,000 ரூபாய், 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 2,00,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் போகக் கைப்பணம் முறையே 45,000, 80,000, 1,22,000. உங்கள் ஊரில் வாங்கிய விலைப்புள்ளியை இதே இடத்தில் போட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளலாம்.

நான்கு வீடுகளின் கணக்கு

நெட் மீட்டர் முறையில், பகலில் மிஞ்சும் மின்சாரம் ஈ.பி. கம்பிக்குப் போகிறது, இரவில் அங்கிருந்து வாங்குகிறோம். வாங்கியதிலிருந்து கொடுத்ததைக் கழித்து மீதிக்கே பில் வரும். இதன்படி நான்கு வீடுகளைப் பார்ப்போம்.

முதல் வீடு 300 யூனிட் வீடு. இரண்டு அறை, மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி, டிவி. 1 கிலோவாட் போட்டால் பில் முழுவதும் போய்விடும். ஆனால் போகும் பில்லே 705 ரூபாய்தான். ஆண்டுச் சேமிப்பு 4,230. போட்ட 45,000 திரும்ப பத்தரை ஆண்டுக்கு மேல் ஆகும்.

இரண்டாவது, 400 யூனிட் வீடு. 1 கிலோவாட் போட்டால் 1,175 ரூபாய் பில் 141 ரூபாயாகக் குறையும். ஆண்டுக்கு 6,204 மிச்சம். ஏழேகால் ஆண்டில் பணம் திரும்பும்.

மூன்றாவது, 600 யூனிட் வீடு. அதே 1 கிலோவாட் 2,880 ரூபாய் பில்லை 987 ரூபாயாக்கும். ஆண்டுக்கு 11,358 மிச்சம். நான்கே ஆண்டில் முதல் திரும்பிவிடும்.

நான்காவது, இரண்டு ஏசி ஓடும் 800 யூனிட் வீடு. இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். முதல் கிலோவாட் பில்லை 4,770-லிருந்து 2,544-க்கு இறக்குகிறது. ஆண்டுக்கு 13,356 ரூபாய் மிச்சம். இரண்டாவது கிலோவாட் அதை 799-க்கு இறக்குகிறது. மேலும் 10,470 மிச்சம். மூன்றாவது கிலோவாட் பில்லைப் பூஜ்ஜியமாக்குகிறது. ஆனால் அதனால் கூடுதலாகக் கிடைப்பது ஆண்டுக்கு 4,794 மட்டுமே. முதல் இரண்டு கிலோவாட்டுக்குப் போட்ட பணம் மூன்றரை ஆண்டுக்குள் திரும்புகிறது. மூன்றாவதற்குப் போட்ட 42,000 திரும்ப ஒன்பது ஆண்டு நெருங்குகிறது.

பலரும் கவனிக்கத் தவறுவது இந்தக் கடைசிக் கணக்கைத்தான். விற்பனையாளர் ‘ஜீரோ பில்’ என்பதை இலக்காக வைக்கிறார். பூஜ்ஜியம் கேட்கவும் காட்டவும் நன்றாக இருக்கிறது. வீட்டுக்காரரின் இலக்கு வேறாக இருக்க வேண்டும்: 500 யூனிட்டுக்கு மேலே நிற்கும் விலையுயர்ந்த யூனிட்டுகளை வெட்டி, பில்லை மானிய விலைக்குள் கொண்டுவந்து நிறுத்துவது. அதற்கு எத்தனை கிலோவாட் தேவையோ அவ்வளவே போதும். ஆயிரம் யூனிட் வீட்டுக்கு மூன்றாவது கிலோவாட்டும் ஆண்டுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. அந்த வீட்டுக்கு 3 கிலோவாட் நியாயமான அளவு. 600 யூனிட் வீட்டுக்கு அதே 3 கிலோவாட்டை விற்றால் மூன்றாவது கிலோவாட் வீட்டுக்காரருக்கு நட்டம். தேவைக்கு மேல் உற்பத்தியாகும் யூனிட் அடுத்த பில்லுக்கு வரவாகும். ஆண்டு முடிவிலும் மிஞ்சுவதற்குக் கிடைக்கும் விலை நாம் வாங்கும் விலையைவிட மிகக் குறைவு.

வங்கியில் போட்டால்?

முதலீடு என்று சொன்னால் மாற்று வழியோடு ஒப்பிட்டாக வேண்டும். வைப்புநிதியில் முதல் அப்படியே இருக்கும். பேனலில் போட்ட முதல் தேய்ந்து கரையும். எனவே வெறும் வட்டியோடு ஒப்பிடுவது சரியாகாது. 7 சதவீத வட்டியில் 45,000 ரூபாயைப் போட்டு, முதலும் வட்டியுமாக 20 ஆண்டுகளில் எடுத்துத் தீர்த்தால் ஆண்டுக்குச் சுமார் 4,250 ரூபாய் கிடைக்கும். 80,000 ரூபாய்க்கு இது சுமார் 7,550.

பேனலுக்கு 25 ஆண்டு திறன் உத்தரவாதம் தருகிறார்கள். ஆண்டுக்கு அரை சதவீதம் போலத் திறன் குறையும் என்பதால் இருபதாம் ஆண்டிலும் அது நன்றாகவே உழைக்கும். பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வெர்ட்டரின் ஆயுள் அவ்வளவு நீளமில்லை. இடையில் ஒருமுறை மாற்ற வேண்டிவரும். அதற்கு ஆண்டுக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இப்போது ஒப்பிடலாம். 300 யூனிட் வீட்டின் 4,230 ரூபாய் சேமிப்பு வங்கியோடு சமன். இன்வெர்ட்டர் செலவைச் சேர்த்தால் நட்டம். 400 யூனிட் வீடு விளிம்பில் நிற்கிறது. 600 யூனிட் வீடு வங்கி தருவதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் பெறுகிறது. 800 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் ஆண்டுக்கு 23,826 ரூபாய் மிச்சப்படுத்துகிறது. வங்கியில் கிடைப்பது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வட்டிக்கு வருமான வரி உண்டு. மிச்சமாகும் பில்லுக்கு வரி கிடையாது. இனி கட்டணம் உயர்ந்தால் சோலார் பக்கம் மேலும் கனக்கும்.

ஒரு எச்சரிக்கை. சோலார் வந்த பிறகு ‘இப்போது நம் கரண்ட்தானே’ என்று இன்னொரு ஏசி வாங்கும் வீடுகள் உண்டு. அப்போது சேமிப்பு சுகமாக மாறிவிடுகிறது. அதில் தவறில்லை; ஆனால் முன்பு போட்ட கணக்கு செல்லாது.

கரண்ட் போனால் என்ன ஆகும்?

அதிகமான ஏமாற்றம் இந்த இடத்தில்தான் வருகிறது. சாதாரண ஆன்-கிரிட் அமைப்பு, தெருவில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். உச்சிவெயில் அடித்தாலும் வீட்டில் மின்விசிறி சுற்றாது. மின்தடையின்போது கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே இன்வெர்ட்டர் இப்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறது. இந்தப் பாதுகாப்பை யாரும் மாற்றியமைக்கக் கூடாது.

மின்தடையிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை. மத்திய மானியம் பேட்டரிக்குக் கிடையாது. செலவு கணிசமாகக் கூடும். பேட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். மின்தடை குறைவான ஊர்களில் இது வீண். அடிக்கடி மின்சாரம் போகும் கிராமத்திலும், வீட்டில் மருத்துவக் கருவி ஓட வேண்டிய நிலையிலும் இது தேவை. அங்கே கூட, ஏற்கெனவே இருக்கும் யுபிஎஸ்ஸை அப்படியே வைத்துக்கொண்டு ஆன்-கிரிட் சோலாரைத் தனியாகப் போடுவது பல வீடுகளுக்குச் சிக்கனமான வழி.

மாடி ஒத்துழைக்குமா?

3 கிலோவாட்டுக்கு, நடந்து சுத்தம் செய்யும் வழியோடு சேர்த்து 200 முதல் 300 சதுர அடி இடம் வேண்டும். பேனல் தெற்கு பார்த்து, 10 முதல் 15 டிகிரி சாய்வில் இருப்பது நம் அட்சரேகைக்குப் பொருத்தம்.

இடத்தைவிட முக்கியம் நிழல். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை ஆகியவற்றின் நிழல் ஒரு பேனலின் மூலையில் விழுந்தாலும், தொடராக இணைத்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். காலை 9 மணிக்கும், உச்சியிலும், மாலை 4 மணிக்கும் மாடியில் நின்று நிழலைப் பார்க்க வேண்டும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல் நீளும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். தெற்குப் பக்கக் காலிமனையில் நாளை மூன்று மாடி எழும்பினால் இன்று போட்ட கணக்கு கலைந்துவிடும்.

தாங்கும் சட்டத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கிய வர்தா புயலையும், 2018 நவம்பரில் டெல்டாவைப் புரட்டிப் போட்ட கஜா புயலையும் கண்ட மாநிலம் இது. பறந்துபோன பேனல் உங்கள் பணத்தோடு நிற்காது; கீழே நடப்பவரின் உயிரையும் எடுக்கும். துத்தநாகம் பூசிய கனமான இரும்பு, சரியான அடித்தளம், தளத்தில் ஓட்டை போட்ட இடங்களில் நீர்க்கசிவுத் தடுப்பு, எர்த்திங், இடிதாங்கி ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கடலோர ஊர்களில் உப்புக்காற்று சாதாரண இரும்பைச் சில ஆண்டுகளில் தின்றுவிடும். துணி உலர்த்தவும் வடாம் காயவைக்கவும் மாடி வேண்டுமென்றால் ஆள் நடமாடும் உயரத்தில் சட்டம் அமைக்கலாம். செலவும் காற்றின் அழுத்தமும் கூடும்.

தூசியும் பறவை எச்சமும் படிந்தால் உற்பத்தி குறையும். மாதம் இருமுறை அதிகாலையில் கழுவினால் போதும். உப்புள்ள போர் தண்ணீர் காய்ந்தபின் வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொள்ளும். நல்ல தண்ணீரில் கழுவி மென்மையான துணியால் துடைக்க வேண்டும்.

யாரிடம் வாங்குவது?

மானியம் வேண்டுமென்றால் திட்டத்தின் இணையதளத்தில் பதிவு செய்த நிறுவனத்திடம்தான் வாங்க வேண்டும். பேனல் இந்தியாவில் தயாரான செல்லால் ஆனதாக இருக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி 10 கிலோவாட் வரை தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்பதால் அனுமதி எளிதாகியிருக்கிறது.

குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். விலையை மட்டும் பார்க்காமல் பேனலின் பெயரும் மாடலும், இன்வெர்ட்டர் உத்தரவாத ஆண்டுகள், சட்டத்தின் எடையும் உயரமும், ஐந்தாண்டுப் பராமரிப்பு, பழுதானால் எத்தனை நாளில் ஆள் வருவார் ஆகியவற்றை ஒப்பிடுங்கள். 25 ஆண்டு உத்தரவாதம் தரும் உள்ளூர் நிறுவனம் 25 ஆண்டு இருக்குமா என்பது தனிக் கேள்வி. உத்தரவாதம் தயாரிப்பாளர் பெயரில் இருப்பது நல்லது. அந்த நிறுவனம் மூன்று ஆண்டுக்கு முன் அமைத்த வீட்டுக்கு நேரில் போய் பில்லைப் பார்த்து வருவதைவிடச் சிறந்த விசாரணை இல்லை. உற்பத்தி மீது நெட்வொர்க் கட்டணம் ஏதும் உண்டா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டு, இருந்தால் சேமிப்பில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியும் வாடகை வீடும்

தனி வீடு இல்லாதவர்களுக்கு வழி குறுகலாக இருக்கிறது. அடுக்குமாடியில் மாடி எல்லோருக்கும் பொது. அங்கே நல்ல தொடக்கம் லிஃப்ட், மோட்டார், பொது விளக்குகளுக்கான இணைப்பு. அந்தப் பொதுச் சேவைக்குப் பெரிய குடியிருப்புகள் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல் கட்டுகின்றன. 100 யூனிட் இலவசமும் அதற்கு இல்லை. குடியிருப்போர் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மத்திய மானியம் உண்டு. ஒரு பொதுக்குழுத் தீர்மானம் இருந்தால் ஒவ்வொரு வீட்டின் பராமரிப்புக் கட்டணமும் குறையும். வாடகைக்கு இருப்போருக்கு இன்றைய நிலையில் சோலார் பொருந்தாது. அவர்கள் ஐந்து நட்சத்திர ஏசிக்கும் பிஎல்டிசி மின்விசிறிக்கும் செலவிடுவது மேல். சொல்லப்போனால் சொந்த வீட்டுக்காரரும் முதலில் இதைச் செய்துவிட்டுப் பிறகு எத்தனை கிலோவாட் என்று தீர்மானிக்க வேண்டும்.

விதி மாறினால்?

நெட் மீட்டர் சலுகை நிரந்தரமென்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2023 ஏப்ரலுக்குப் பின் இணைந்தவர்களுக்கு, அவர்கள் கம்பிக்குத் தரும் மின்சாரத்தின் மதிப்பு வெகுவாகக் குறைக்கப்பட்டது. இலங்கையில் 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் மின் தேவை சரிந்தபோது, கூரை சோலாரைப் பகலில் அணைத்து வைக்குமாறு மின்சார சபை வேண்டிக்கொண்டது. பகலில் மின்சாரம் மிஞ்சி, இரவில் பற்றாக்குறையாகும் சூழல் எங்கு வந்தாலும் விதிகள் மாறும். நான்கு ஆண்டில் பணம் திரும்பும் அளவாகப் போடுபவரை இந்த மாற்றம் பெரிதாகப் பாதிக்காது. பத்தாண்டுக் கணக்கில் பெரிதாகப் போடுபவருக்கே ஆபத்து.

பணத்துக்கு அப்பால்

2 கிலோவாட் பேனல் ஆண்டுக்குச் சுமார் 2,900 யூனிட் தரும். நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து வருவதால், இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கரியமிலவாயுவைத் தவிர்க்கிறது. எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் கலந்த அனல்மின் நிலையச் சாம்பலையும், அங்கே மீன்பாடு இழந்த மக்களையும் அறிந்தவர்களுக்கு இந்த எண் வெறும் எண் அல்ல. நம் வீட்டு ஏசியின் விலையை அவர்களும் சேர்ந்தே கட்டிவருகிறார்கள். லாபக் கணக்கு விளிம்பில் நிற்கும் 400 யூனிட் வீட்டுக்காரர், முடிவெடுக்க இதையும் ஒரு காரணமாகக் கொள்வது நியாயம்.

முடிவாக

இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வரை செலவழிக்கும் வீடு சோலாருக்குக் கடன் வாங்க வேண்டாம். 400 முதல் 500 வரை என்றால், நிழலற்ற மாடியும் கையில் பணமும் இருந்தால் 1 கிலோவாட் போடலாம். 500-ஐ வழக்கமாகத் தாண்டும் வீடு தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் இழப்பு. 1 அல்லது 2 கிலோவாட்டில் தொடங்கட்டும். ஆயிரத்தை எட்டும் வீட்டுக்கு 3 கிலோவாட் தகும். எந்த வீடானாலும் அளவைத் தீர்மானிக்க வேண்டியது விற்பனையாளரின் விளம்பரத் தாள் அல்ல, உங்கள் ஈ.பி. அட்டையில் உள்ள ஆறு எண்கள். அவற்றை முதலில் கூட்டிப் பாருங்கள். அதன் பிறகு விலை கேளுங்கள்.